நாலெழுத்து ஊர்

உட்துறைமுக வீதி, மூன்றாம் மாடி.
யன்னலுக்குக் கீழே மான் ஒன்று
பேப்பர் தின்றுகொண்டு நிற்கிறது.

பஸ் டிக்கெட்டில் ஊர்ப்பெயருக்கு ஐந்து எழுத்து இடம்,
மிச்சத்தை வெட்ட வேண்டும்.
மொழியோடு கூடப்பிறந்த கட்டளையா,
இறக்கி வைத்திருக்கும் லைப்ரரியா, எது கெதி?
பத்து லட்சம் தரம் சுற்றவிட்டேன்.

கூடப்பிறந்தது: முப்பத்தெட்டு மில்லிசெக்கன்.
லைப்ரரி: இருநூற்றுப் பதினொன்று.
அது கதவைத் தட்டி, ஆள் இருக்கா என்று கேட்டு,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகும்.
மற்றது வெறும் வீட்டுக்குள்ளும் பாயும்.
வெற்று வரியில் இரண்டு தரம்
விழுந்தும் கிடந்தது.

"பரவாயில்லை, கெதியானதையே போடுவம்."

பஸ்மியா அச்சடித்த துண்டை மேசையில் வைத்தாள்:
கிண்ண.

லைப்ரரியை மாட்டினேன். ஆறுதலாக யோசித்து
அதுவும் தந்தது:
கிண்ண.

அவளுடைய ஊர்.
விரல் மடக்கி எண்ணினாள், கி, ண், ணி, யா.
"நாலுதானே சேர். அஞ்சுக்க அடங்காதா?"

கணினிக்கு அது எட்டு.
விசிறி, குற்று, அரவு எல்லாம்
தனித்தனி ஆட்கள், தனித்தனி டிக்கெட்.

மான் போய்விட்டது.
ஐந்தேகால் கிண்ணியா பஸ்ஸும்.
மிச்சம் பிடித்த நூற்றெழுபத்துமூன்று மில்லிசெக்கனை
என்ன செய்வதென்று தெரியாமல்
இரண்டுபேரும் இருக்கிறோம்.