கழிவு

மண்டபம் வடக்குக் கடற்கரை, நண்டுக் கம்பெனி.
விடிய மூன்றே முக்கால்.
தராசு ஒரு எண் சொல்கிறது,
திரை ஒரு எண் சொல்கிறது.
இரண்டுக்கும் நடுவே
கூடைக்கு ஒன்றே முக்கால் கிலோ
எங்கேயோ நடந்து போகிறது,
நண்டு மாதிரியே, பக்கவாட்டில்.

ஐஸ் தண்ணிக்குக் கழிவு என்பார்கள்.
இன்றைக்கு ஐஸே இல்லை, எல்லாம் உயிர் நண்டு.
ஜெனோவா கூடையை இரண்டு தரம் வைத்து எடுத்தாள்.
என்னைப் பார்த்தாள்.
நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

நிரல் எழுதியவன் கோயமுத்தூரில் இருக்கிறான்,
போன் எடுப்பதில்லை.
செட்டிங்கில் கழிவு என்றொரு கட்டமே கிடையாது.
நிறுத்திப் பார்க்கவும் வழியில்லை,
வரிசை ஐஸ் பிளாண்ட் வாசல் தாண்டி நிற்கிறது.
ஓடுவதை ஓடும்போதே தொட வேண்டும்.

அதற்கொரு லைப்ரரி உண்டு.
சின்னது, பைத்தானில் நாலு வரி போதும்.
நிரலின் பெயரைச் சொன்னால்
அதன் நினைவகத்துக் கதவைத் திறந்துவிடும்.
படிக்கலாம். எழுதலாம்.
அட்மின் கடவுச்சொல் போட்டதே நான்தான்.

இருபத்திரண்டு புள்ளி மூன்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.
அறுநூற்றுப் பதினேழு இடம் என்றது.
அடுத்த கூடை, பதினெட்டு புள்ளி ஒன்று.
மாறியவை மட்டும் நில்லுங்கள்:
பதினொன்று.
அருளப்பன் கூடை ஏறியது. இரண்டு.
சகரியாஸ் கூடைக்கு ஒன்றே ஒன்று.

அந்த வீட்டு வாசலில் நின்று அக்கம்பக்கம் பார்த்தேன்.
எட்டு பைட் தள்ளி, கழிக்காத எடை.
பதினாறு பைட் தள்ளி
விளக்கு இல்லாமல், பெயர்ப்பலகை இல்லாமல்
ஒன்று புள்ளி ஏழு ஐந்து
குடியிருந்தது.

பூஜ்யம் என்று எழுதினேன்.
யாரும் கவனிக்கவில்லை.
தராசும் திரையும் ஒரே எண்ணைச் சொல்ல
பதினெட்டுக் கூடை போனது.

ஐந்து நாற்பதுக்குக் கரண்டு போய் வந்தது.
நிரல் மறுபடி எழுந்தது.
பழைய முகவரியில் வேறு யாரோ.
கழிவு,
ராத்திரிக் காற்றுக்கு நகர்ந்த தீடை போல
புது இடத்தில், அதே உயரத்தில்.

பத்தொன்பதாவதாக நின்ற மிக்கேலம்மா
"முன்னால நின்னவுகளுக்கு மட்டும் என்ன கூடுதல்?" என்றாள்.
பதில் இல்லை என்னிடம்.
நியாயத்தைத் தேடிப் போய்
வரிசையில் ஒரு கோடு கிழித்திருக்கிறேன்.

எழுதுகிற வரியை அழித்தேன்.
படிக்கிற வரி மட்டும் போதும்.
கூடை ஏறும்போதெல்லாம் எடைக்குப் பக்கத்து வீட்டைத் தட்டிப் பார்த்து
அங்கே இருப்பதை
சீட்டின் அடியில் அச்சடி.

அன்றைக்குத்தான் முதல்முறை
சீட்டில் அந்தச் சொல் வந்தது:
கழிவு 1.75.

ஜெனோவா ரெண்டாவது கூடையோடு திரும்பியிருந்தாள்.
சீட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
கிலோ நானூற்று எண்பது விலைக்கு
"எண்ணூத்தி நாப்பது" என்றாள்,
கால்குலேட்டர் இல்லாமல்.

"எத்தனை வருசமா ஓடுது இது?"

ஓடுகிறதன் நினைவில்
நேற்று என்று ஒரு இடம் இல்லை.
அணைந்தால் எல்லாம் போய்விடும்.
"இதுல தெரியாதுக்கா" என்றேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்து
சீட்டை நாலாக மடித்தாள்.
"கூடைக் கணக்கு எங்கிட்ட இருக்கு.
ஒண்ணு விடாம."

பின்னாலிருந்து யாரோ
தள்ளுங்க தள்ளுங்க என்றார்கள்.
தராசு நனைந்தே இருந்தது.