கொதி

அண்ணா நகரில் கண் ஆஸ்பத்திரிக்கு
இரண்டு தெரு தள்ளி எங்கள் லாட்ஜ். அறை 304.
வெள்ளிக்கிழமை, மணி ஐந்து.
வலக்கண்ணைக் கட்டியிருக்கும் ரஹேல்
டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறாள்.
தண்ணீர் டம்ளருக்கு அந்தப் பக்கம் விழுகிறது.

எறணாகுளத்தில் தையல்கடை.
ஜீன்ஸ் மடிப்பில் ஊசி முறிந்து
கண்ணுக்குள் தெறித்ததாம்.

செவ்வாயன்று ஊறப்போட்ட உலர்திராட்சையைப்
பிழிந்து வடித்து
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறாள்.
ஓய்வுநாள் பிறக்கும்போது
அதன்மேல் ஜெபம் சொல்லிக் குடிக்க வேண்டும்.
நான் ஊற்றித் தரவாக்கா என்றேன்.

சங்கடத்தோடு சொன்னாள்:
"இதிலே எங்கட ஆள் கை மட்டுந்தான் படலாம்."

"அப்ப கடையில ஜூஸ் வாங்கியாரவா?
கம்பத்துப் பன்னீர்த் திராட்சை."
அதுவும் ஆகாது. யார் பிழிந்ததோ.

தரை துடைத்த துணியைப் பிழிந்தேன்.
ஈரம் போன பிறகும் பிழிந்தேன்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர் முக்கில்
அப்பனுக்கென்று ஒரு கிளாஸ்
டீக்கடைக் கூரையில் செருகியிருக்கும்.
அவரே எடுத்து, அவரே கழுவி,
குடித்தபின் அவரே செருக வேண்டும்.
படக் கூடாத கை எது என்று
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரஹேல் என் முகத்தைப் பார்த்தாளோ, பாட்டிலைப் பார்த்தாளோ.
பெட்டியைத் திறந்து
சின்னக் கரண்ட் அடுப்பை வெளியே எடுத்தாள்.
"கொதிச்சா ப்ரஸ்னமில்லை, சோலையம்மா.
கொதிச்சதை ஆரும் தொடலாம், ஆரும் ஊற்றலாம்.
அப்படியும் ஒரு நியமம் உண்டு."

குமிழ் வந்தது.
அறையில் பாயசம் இறக்கிய வாசம்.

எங்கள் ஊர் டீயும் கொதித்ததுதான்.
விடியக்காலை நாலு மணி தொடங்கி
ராத்திரி கடை சாத்தும் வரை கொதித்தது.

யானைமலை முதுகில் ஒட்டியிருந்த வெயில் இறங்கியது.
இனி அவள் அடுப்பைத் தொடமாட்டாள்.
லாட்ஜ் பேப்பர் கப்பை நீட்டினேன்.
தலையாட்டி மறுத்தாள்.
துணிச்சுருளுக்குள்ளிருந்து வெள்ளிக் கோப்பை,
ஒன்றரை முட்டை கொள்ளும்.
விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றித் தடவினாள்,
கீறல் ஆகாதாம்.
"நிறைய ஊற்று. குறை வேண்டாம்."

ஊற்றினேன்.
கை நடுங்கியது; கோபமும் இன்னும் இறங்கவில்லை.
விளிம்புக்கு மேல் புடைத்து நின்றது.
விழவில்லை.

வலக்கையில் ஏந்தி, நின்று,
எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ சொன்னாள்.
உட்கார்ந்து ஒரு கன்னம் நிறையக் குடித்தாள்.
அதுதான் அளவாம்.

மீதியை என்னிடம் நீட்டினாள்.
அதே கோப்பை.
அண்ணாந்தேன், பழக்கம்.
ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
உதடு வைத்துக் குடித்தேன்.
இனிப்பு. அடியில் கொஞ்சம் கசண்டு.

பாட்டிலில் நாளைப் பகலுக்கு மிச்சம் இருந்தது.
நாளை எனக்கு லீவு, ஊருக்குப் போகிறேன் என்றேன்.
"அப்போ யாரு ஊற்றும்?" என்றாள்.
ரிசப்ஷன் பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன்:
கொதித்ததுதான், பயப்படாமல் தொடு.

ஊர் முக்கில் பஸ் நின்றது.
அதே கடை. இப்போது பேப்பர் கப், எல்லாருக்கும்.
அப்பனுக்கு அதில் சந்தோஷம்.
ஒரே மாதிரிக் குடிக்கிறார்கள், கசக்கி எறிகிறார்கள்,
யார் வாய் வைத்தது என்று
யாரும் கழுவிப் பார்க்க வேண்டியதில்லை.

பேப்பர் கப் ஏன் ஆகாது என்று
ரஹேலிடம் கேட்டிருக்கலாம்.