எல்லாம் ஒன்று

லோரோங் கூலிட் சந்தையில் நாற்பது ரிங்கிட்.
டாக்சியில் கிடந்த ரேடியோ.
மைக்கின் முதுகில் யாரோ ஒட்டிய மலாய் வரி:
ஜாஙான் பாஞாக் சாக்காப்,
அதிகம் பேசாதே.

நான்கு திருகாணி. உள்ளே தூசு,
ஓர் ஐம்பது சென் காசு,
நெற்றியில் கண்ணாடிச் சன்னலோடு சிப்.
புற ஊதா விளக்கில் இருபது நிமிடம் வைத்தேன்.
டாக்சிக்காரர்களின் அலைவரிசை போயிற்று.

பூஜ்யம் இருக்கும் என்று நினைத்தேன்.
வாசித்துப் பார்த்தால் ஒன்று, ஒன்று, ஒன்று,
கடைசி முகவரி வரை.
ஆளில்லாத வீட்டில்
எல்லா விளக்கும் எரிகிற மாதிரி.

எழுதுவது என்றால் அதில் சிலதை அணைப்பது.
நூற்று நாற்பத்தைந்து மெகாஹெர்ட்ஸுக்கு
எதை அணைக்க, எதை விட?
பாயான் லெப்பாஸ் இரவுப்பணி முடிந்து
ஆலைப் பேருந்தில் மடியில் வைத்துப் போட்ட கணக்கு.

முதல் சிப் ஊமை.
ஆறுக்குப் பதில் ஒன்பது.
நோட்டைத் தலைகீழாய்ப் பிடித்தவள் நான்தான்.

இரண்டாவது, ஞாயிறு விடிகாலை.
அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு
விரலை எடுத்தேன். இரைச்சல்.
இரைச்சலுக்குள்ளிருந்து, கூலிமிலிருந்து,
திரவியநாதன் என்று ஒரு குரல்:
"தெளிவாக வருகிறது. கொஞ்சம் மட்டும்
தள்ளி இருக்கிறீர்கள்."

தள்ளித்தான் இருக்கிறேன், என்றேன்.
புரிந்ததோ என்னவோ,
பினாங்கில் மழையா என்று கேட்டார்.

ஒட்டிய வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
ஏழரை வரை பேசினோம்:
மின்தேக்கி விலை,
என் ஒன்பதும் ஆறும்,
அவர் ஆன்டெனாவைக் கொத்தும் மைனா.