நிலுவையில்

கறவை மெஷின், ஒற்றை வாளி,
இரண்டு வருடம் ஓடியது,
ரப்பர் குழாய் மட்டும் புதுசு.
விலை இருபத்திரண்டாயிரம்.
இவ்வளவுதான் எழுதியிருந்தேன்.
மாடு நாலாகிவிட்டது, எனக்கு இரட்டை வாளி வேண்டும்.

முதலில் அழைத்தவன் ராணுவம் என்றான்.
படம் அனுப்பினான்: மீசை, தொப்பி, பனி.
பனிமலையில் பால் மெஷின் எதற்கென்று
கேட்கத் தோன்றவில்லை எனக்கு.
ஒரு ரூபாய் போட்டான். வந்தது.
பிறகு ஒரு கட்டம் அனுப்பினான்,
சர்க்கரைத் தாளில் எறும்பு மொய்த்த மாதிரி.
"ஸ்கேன் பண்ணி பின் போடுங்க மேடம், பணம் ஏறிடும்."
போட்டேன்.
ஆறாயிரத்து எண்ணூறு
என் விரல் வழியாகவே வெளியே போனது.

வங்கியில் இருந்த பெண் அதட்டவில்லை.
"வாங்கறதுக்கு பின் எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.
அதைத் தவிட்டு மூட்டையின் அட்டையில் எழுதி
கொட்டகை சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.
நாலு மாடும் தினம் இரண்டு வேளை படிக்கின்றன.

வேடியப்பன் பென்னாகரத்துக்காரர்.
எனக்குக் காவேரிப்பட்டினம்.
நடுவில் காரிமங்கலம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை.
வெளிச்சம், நாலு பேர், கேட்டால் ஒரு பிளக் பாயின்ட்.
சின்ன யானையில் ஏற்றிக்கொண்டு போனேன்.
ஓடவிட்டுப் பார்த்தார். கப்பில் கட்டைவிரலை விட்டு
இழுவை சரி என்றார்.
"பேரு நாகவேணின்னு காட்டுது, நீங்கதானே?"
நான்தான்.
அவரும் முதலில் ஒரு ரூபாய் போட்டார்.
அது வந்து விழுந்த சத்தத்தில்
வயிறு ஒருமுறை புரண்டது.

மீதியை அனுப்பினார்.
அவர் கணக்கில் கழிந்தது.
என் கணக்கில் ஏறவில்லை.

"போயிடுச்சுங்களே" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.
இப்படிக் காட்டுவதற்கென்றே ஏதோ செயலி இருக்கிறதாம்.
"எனக்கு வரலீங்களே" என்றேன்.
இரண்டும் உண்மை.
மஞ்சள் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைக்காரரின் பெட்டி மட்டும் விடாமல் கத்தியது:
பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது.
முப்பத்தாறு ரூபாய் பெறப்பட்டது.
எல்லோர் காசும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.
எங்கள் டீக்கு அவர் பையைத் துழாவினார், நானும் துழாவினேன்,
சில்லறையாய்.

பாலக்கோடு பஸ் போனது. அடுத்ததும் போனது.
எக்ஸெல்லில் மெஷினைக் கட்டக் கொண்டுவந்த கயிற்றை
முழங்கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாய் இருந்தார்.
கறவை நேரம். அவருக்கும்தான்.
கடைசியில் அவரே சொன்னார்:
"மெஷினு உங்ககிட்டயே இருக்கட்டும்.
வந்தா சொல்லுங்க. வராட்டி எனக்கே திரும்பிடுமாம்."
பன்னிரண்டு இலக்க எண்ணை இரண்டு முறை எழுதி
ஒன்றை எனக்குக் கொடுத்தார்,
ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.
வேறெதுவும் இல்லை அவரிடம்.

ராத்திரி பதினொன்று பத்துக்கு வந்தது.
இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

மெஷின் கொட்டகையில்.
பணம் கையில்.
திருட வேண்டும் என்றில்லை,
விளக்கை அணைத்துப் படுத்தால் போதும்.
பனிப் படம் அனுப்பியவன் உட்கார்ந்திருந்த நாற்காலி
இவ்வளவு பக்கத்தில் கிடக்கும் என்று
நான் நினைத்ததே இல்லை.
அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று
சொல்ல மாட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.
"வந்துடுச்சுங்க."
அந்தப் பக்கம் பேச்சில்லை.
ஒரு மாடு கத்தியது,
அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.
"இப்பவே வண்டிய எடுக்கட்டுங்களா?"
"காலைல வாங்க" என்றேன்,
"வெளிச்சத்துல. அதே டீக்கடைக்கு."