புள்ளிக்குக் காசு இல்லை

எழுத்துக்கு நாற்பது ரூபாய்,
புள்ளிக்குத் தனியாகக் கிடையாது என்றார்
பேரூராட்சி எழுத்தர் ஞானசிகாமணி,
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி.

பட்டாப் போராட்டத் தியாகிகள் தெரு.
விரல்விட்டு எண்ணினோம். பதினாறு.
தலையில் புள்ளி வைத்தவை ஐந்து.
செத்தவர்களும் ஐந்து.
அதை அவரிடம் சொல்லவில்லை.
கூடக் காசு கேட்பதுபோல் ஆகிவிடும்.

புதுத் தகட்டுக்கு நிதி இல்லையாம்.
பழையதையே சுரண்டச் சொன்னார்.
கர்னல் மாக்ஸ்டன் ரோடு என்றிருந்தது.
கூடலூர் ஜீப்காரர்கள் வாயில் பட்டு
அவர் எப்போதோ மாச்சட்டன் ஆகியிருந்தார்.

உப்புத்தாள் போட்டேன். துரை உதிர்ந்தார்.
அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் துரு,
வலது பக்கம் சுண்டுவிரல் நுழையும் ஓர் ஓட்டை.

வானத்தை நோக்கிச் சுட்டதாகத்தான் அறிக்கை.
தகடு நின்றது ஏழடி உயரத்தில்.
எங்கள் ஊரில் வானம் தாழ்வுதான்,
ஆடி மாதம் ரேஷன் கடைக்குள்ளேயே வந்து
அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஊர்வலத்துக்கு பேனர் எழுதியவனும் நான்தான்.
பதினோரு முழம் காடாத்துணி.
இரண்டு தலைமுறை கொழுந்து கிள்ளினோம்
அரை ஏக்கருக்கு ஒரு காகிதம் கொடு
என்று மரியசெல்வம் சொல்லச் சொல்ல எழுதினேன்.
‘கொடு’வா ‘கொடுங்கள்’ஆ என்று கேட்டதற்கு
துணி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றான்.
முன்பணம் நூறு. பாக்கி இருநூற்று நாற்பது.
வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றான்.
சுட்டது புதன்கிழமை.

அவன், புஷ்பகாந்தி, குஞ்ஞலவி,
கூட்டம் எதற்கென்று பார்க்க வந்த வெளுத்தன்.
சிவபாக்கியம் பதினோராம் நாள்
கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் போனதால்
அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று
ஆறு வருஷம் கோப்பு நடந்தது.

வெள்ளைப் பூச்சு காயவில்லை, எழுத்தர் மறுபடி வந்தார்.
பட்டாப் போராட்டம் என்பதை எடுத்துவிடு,
நிலம் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது,
எழுதிவைத்தால் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.
தியாகிகள் தெரு. போதும்.

ஏழு எழுத்து. இருநூற்று எண்பது.
எதற்காகச் செத்தார்கள் என்பதை விட்டுவிட்டதில்
பேரூராட்சிக்கு முன்னூற்று அறுபது ரூபாய் மிச்சம்.

இப்போது ஒரே ஒரு புள்ளி,
ளகரத்தின் தலையில்.
உயிர்மெய்மேல் புள்ளி விழுந்தால்
உயிர் போகும், மெய் நிற்கும்.
சின்ன வகுப்பில் பெஞ்சுமேல் நிற்கவைத்துச் சொல்லித்தந்தது.
சாக்பீஸ் நூல் அடித்து
ஓட்டைக்கு நேர் கீழே வரும்படி ‘ள’வை நகர்த்தினேன்.
அதனால் ‘தெரு’ மட்டும்
ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கிறது.

திறப்பு விழாவில் யார் கண்ணிலும் படவில்லை.
மாலை, சால்வை, மைக், சாரல்.
ஞானசிகாமணி மட்டும் குடையை விலக்கி அண்ணாந்தார்.
எம்சீல் வைத்து அடைத்திருக்கலாமே?
புள்ளிக்குக் காசு இல்லையே சார் என்றேன்.
குடையை மறுபடி தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளும் ஜீப்பில்
மாச்சட்டன் ரோடு, மாச்சட்டன் ரோடு என்றுதான் கூவினார்கள்.
பட்டா இல்லாத வீட்டுக்குக் கரண்ட் இல்லை.
ஏழு மணிக்குமேல் அந்தத் தெருவில்
வளைவில் திரும்பும் வண்டி வெளிச்சத்தில் மட்டும்
தகடு ஒருமுறை தெரியும்,
ஓட்டை வழியே பனி போய்க்கொண்டிருக்கும்.

ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து
வரவு இருநூற்று எண்பது என்று எழுதினேன்.
பழைய பக்கத்தில் மரியசெல்வம் பாக்கி அப்படியே இருந்தது.
அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன்.
மூடிவிட்டேன்.

காகிதம் வரட்டும்.
அந்த அரை ஏக்கரில் வந்து நின்று
கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.