கீலன் இறந்த ஆண்டு

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு,
கடைசிப் பல்லும் பிடுங்கி முடிந்த பின்,
ஸ்ரான்லி வீதி மாடியில்
நோயாளர் காத்திருக்கும் அறையில்
நாலு பிளாஸ்ரிக் கதிரைகளை இழுத்துப் போட்டு
உலகத்தைத் திறப்போம்.

சாவி ஜெனிஸ்ராவிடம்.
பகலில் இலக்கத் துண்டு கொடுப்பவள்,
இரவில் பூட்டுடைக்கும் கள்ளி, பெயர் சாம்பல்விரல்.

உலகம் என்னுடையது.
அடகுப் பிரிவில் பகல் முழுக்கச் சங்கிலி நிறுத்த கையால்
மூன்று சீ.ஆர் கொப்பிகளில் எழுதியது:
மலைகள், வரிகள், ஒரு பஞ்சம், பதினொரு கடவுளர்.

கோட்டையின் ஏழாம் கதவுக்கு முன் நின்று
சாம்பல்விரல் கும்பிட்டாள்:
"கீலா, கதவுகளின் ராசா, ஒருக்கா இரங்கு."
இருபது முகப் பகடை உருண்டு
பழைய சஞ்சிகைகளுக்குக் கீழே போய்
இருபதில் நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தோம்.
கதவு திறந்தது என்றேன்.

"பொறு" என்றான் அனோஜன்.
சட்டத்தரணி கந்தோரில் காணி உறுதிகளைப் படியெடுப்பவன்.
முதலாம் கொப்பியில் மஞ்சள் கோடிட்டு வைத்திருந்தான்:
முந்நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில்
உப்பரசி தன் கூந்தலால் நெரிக்க
கீலன் இறந்தான்.
"இப்ப நடக்கிறது முந்நூற்று நாற்பது.
செத்தவன் எப்பிடிக் கதவு திறக்கிறது?"

தேத்தண்ணி ஆறத் தொடங்கியது.

"மூண்டாம் நாள் எழும்பியிருப்பார்,
எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை" என்றாள் ஜெனிஸ்ரா.
"செத்தால் அது கடவுளே இல்லை.
ஆரோ பெரிய மனிசன், அவ்வளவுதான்" என்றான் ரிஸ்னி.
விளையாட்டிலும் அவன் ஒருவரையும் கும்பிடாத வேட்டைக்காரன்;
ஐந்து மாதமாக ஒரு வரமும் இல்லாமல்
தோளில் அதே அம்புக் காயத்தோடு திரிகிறான்.

அனோஜன் விடவில்லை.
"சரி, செத்திட்டார் எண்டு வைப்பம்.
கதவுகள் இப்ப ஆற்ற பேரில இருக்கு?
உப்பரசி உரித்தாளி எண்டால்
உவள் கும்பிட்டது பிழையான ஆளை."
"பழைய விலாசத்துக்கு வாற கடிதத்தை
புது ஆக்கள் உடைச்சு வாசிக்கிறதில்லையோ?"
"வாசிப்பினம். பதில் போடாயினம்."
"இவள் போட்டிருக்கிறாள். இருபது விழுந்தது."
"இருபது விழுந்தது பகடையாலை."
"பகடையை ஆர் உருட்டினது?"
"நீ."
"ஓம், நான்தான்" என்று அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

சுவரில் குறுக்கே வெட்டிய கடைவாய்ப் பல்லின் படம்,
வேர்வரை சிவப்பும் நீலமுமாய் நரம்புகள்.
அதைப் பார்த்தபடி
பெரிய இரகசியம் ஒன்றை மறைப்பவள்போல் இருந்தேன்.
உண்மையில் மறந்துபோனேன்.
மாதக் கடைசிக் கணக்கு முடித்து வந்த இரவில் எழுதிய வரி அது.
அவனை ஏன் கொன்றேன் என்பதே நினைவில்லை.
பக்கம் நிரம்ப மூன்று வரி குறைந்தது,
அதற்காகவும் இருக்கலாம்.

கொப்பியை வாங்கி
மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு சொல் சேர்த்தேன்.
கீலன் இறந்தான் என்ப.

"என்ப எண்டால் ஆர்?" என்றான் அனோஜன்.
"பழைய ஆக்கள்."
"எந்தப் பழைய ஆக்கள்?
இது போன தை மாசம் வாங்கின கொப்பி,
விலை ஒட்டினபடி இருக்கு."

ரிஸ்னி சிரித்த சிரிப்பில்
பகடை மறுபடி கீழே விழுந்தது. யாரும் எண்ணைப் பார்க்கவில்லை.
கள்ளி கதவுக்குள்ளே போய்விட்டாள் என்று முடிவானது,
உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அடுத்த வெள்ளி.

ஒன்பதரைக்குக் கீழே இறங்கினால்
ஷட்டர் பாதியில் இறுகி நிற்கிறது.
ஜெனிஸ்ரா இழுத்தாள். ரிஸ்னி தொங்கினான்.
யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை,
ஆனால் அனோஜனின் உதடு அசைந்ததை
தெருவிளக்கு வெளிச்சத்தில் நான் கண்டேன்.

கிறீச்சிட்டு அரையடி இறங்கி
திரும்பவும் நின்றது.
"கிறீஸ் வாங்கவேணும்" என்றான் ரிஸ்னி.