செவிக்கல்

நெல்சன் துறைமுகத்துக்குப் பின்னால்
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
மீனின் காதுக்குள் இருந்த கல்லைப்
பிசினில் பதித்து
வெங்காயச் சருகைவிட மெல்லிசாய் அறுத்து
நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறாள் வைமாரி.

ஒரு வளையம், ஓர் ஆண்டு.

நடுவில் அகலம்; அது வளர்ந்த காலம்.
முப்பதை ஒட்டி நெருங்கத் தொடங்கும்,
முட்டைக்குப் போய்விடும் இனி
தின்றதெல்லாம்.

சளித்தலை என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள்.
யார் வாங்குவார்?
ஆரஞ்சு ரஃபி என்று மாற்றினார்கள்.
காதும் காதும் வைத்தாற்போல்
காலியானது ஒரு கடல்மலை.

நூற்றுப் பதினெட்டு, எழுதுகிறாள்.
பக்கத்து மேசையில் கேலம் எண்ணியது
நூற்றுப் பன்னிரண்டு.
இருவரும் மறுபடி எண்ண வேண்டும்
ஒருவர் தாளை ஒருவர் பாராமல்.
எது சரியானாலும்
இது குஞ்சாய் இருந்தபோது
உலகத்தில் நைலான் கிடையாது.
நைலான் வலையில்தான் மேலே வந்தது.

வியாழக்கிழமை
வெலிங்டனிலிருந்து தொலைபேசி:
அடுத்த ஆண்டுக்கு எத்தனை டன்?
அவள் டன் அறியாள்.
குப்பிகளில் நானூறு கல் இருக்கிறது,
இன்னும் முந்நூற்று அறுபது பாக்கி
என்றாள்.
அவர்களுக்கு மாலைக்குள் வேண்டுமாம்.

தேநீர் ஆறிவிட்டது.
அடுத்த வில்லையில் வளையங்கள் அகலம் அகலமாய்,
விளிம்பு வரை அகலமாய்.
இருபத்தேழு.
கேலமும் இருபத்தேழு.
முட்டையே இட்டதில்லை இது.

இந்த ஒன்றில் மட்டும்
இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு.